முதலிற் கூரை, பின்னரே கார்!

1990 முதல் யாழ்ப்பாணத்திற்குப் பெற்றோல் தடுக்கப்பட்டிருந்த காலத்தில், எம்மவர் பழைய ஒஸ்ரின் கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டினர். தோட்டத்து இறைப்பு யந்திரங்களும் அதனையே நம்பிநின்றன. 2022-இல் நாடு முழுவதுமே எரிபொருளுக்காக வரிசையில் நின்றது. பிறர் மனம் வைத்தாலன்றி உருளாத வண்டி எமக்கு உரியதாகுமா?

ஆகவே மின்சாரக் காருக்கு மாறுவது நன்றென்பதில் எமக்கு ஐயமில்லை. எப்பொழுது மாறுவது என்பதே வினா.

அதே 2022 மார்ச் இறுதியில் மின்சாரமும் நாளொன்றுக்கு 13 மணி நேரம்வரை நின்றதை மறத்தலாகாது. கூரையிற் சூரியத் தகடு மட்டும் போதுமென்பாரும் உளர். சேமிப்புப் பற்றரியின்றிப் பொது மின்கம்பியோடு இணைந்த தகடு, கம்பியில் மின் நின்றதும் தானும் நின்றுவிடும்.

எமது தீர்ப்பு இதுவே: நாளொன்றுக்கு 50 கிலோமீற்றருக்குள் ஓடி வீடு திரும்பும் வைத்தியரும் ஆசிரியரும், தகடும் சேமிப்பும் அமைந்த அன்றே மாறலாம். வன்னி வயலுக்கும் கொழும்புக்குமாக ஓடுவோர்க்கு இன்று ஹைபிரிட் வண்டியே ஏற்றது. எனினும் அதுவும் பெற்றோலுக்கு அடிமை என்பதை அறிந்தே வாங்குக. பழைய மின்சாரக் கார் வாங்குவோர், ஓடிய தூரத்தை மட்டும் பாராது, பற்றரியின் எஞ்சிய வலுவையும் அளந்து பார்ப்பாராக. எமது வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்கும்.

நன்றாக ஓடும் வண்டியை விற்றுக் கடன்படுவது விவேகமன்று. கூரையில் இடுவதோ வீணாகாது: இன்று வீட்டுக்கு விளக்கு, தோட்டத்துக்கு நீர், நாளை காருக்கு வலு. யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 வீதி நெடுகிலும் மின்னேற்று நிலையங்கள் அமைக்குமாறு அரசைக் கேட்பது எம் உரிமை. அதுவரை வாளாவிராது, எம் கூரையை எமதாக்குவது எம் கடமை!