குற்றவாளிக் கூண்டில் தாய்

மூன்றாவதும் பெண்ணாம்! கேட்ட மாத்திரத்தில் மாமியாரின் முகம் கறுக்கிறது; மகனுக்கு இரண்டாம் தாரம் தேடும் பேச்சு திண்ணையிலே தொடங்கிவிடுகிறது. பேறுகால நோவு தீராது படுத்திருப்பவள்மீது பழி! பரிகாரம் கூறச் சோதிடரும் வந்துவிடுகிறார், பஞ்சாங்கமும் கையுமாக.

நாம் கேட்கிறோம்: அவள் செய்த குற்றம் என்ன?

மனித உயிரணுவிலே 23 இணைக் குரோமோசோம்கள் உள்ளன. ஒவ்வோர் இணையிலிருந்தும் ஒன்றைத் தாய் தருகிறாள். ஒன்றைத் தந்தை தருகிறான். நிறமும் உயரமும் இவ்வழியேதான் வருகின்றன. பாலை முடிவு செய்யும் இணை, பெண்ணிடம் இரண்டும் எக்ஸ். ஆணிடம் ஒன்று எக்ஸ், மற்றொன்று ஒய். தந்தையின் விந்தணு எக்ஸ் கொணர்ந்தால் மகள், ஒய் கொணர்ந்தால் மகன். தாயிடம் ஒய் கிடையாது. இல்லாததை எங்கிருந்து கொடுப்பாள்?

அதற்காக அப்பனைக் கூண்டிலேற்றச் சொல்லவில்லை நாம். எந்த விந்தணு முந்தும் என்பது அவன் கையிலும் இல்லை. ஒவ்வொரு முறையும் ஏறத்தாழப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. பெண்ணைப் பெறுவதைக் குற்றம் என்பதுதான் குற்றம்!

1905-லேயே அமெரிக்காவின் நெட்டி ஸ்டீவன்ஸ் அம்மையார், மாவு வண்டின் உயிரணுக்களை ஆராய்ந்து, பாலை முடிவு செய்வது ஆணின் அணுவே எனக் காட்டினார். கண்டவரும் ஒரு பெண், கவனிக்க! 87 ஆண்டுகள் கழித்து, 1992-ல், பெண் சிசுக்களைக் கொலையினின்று காக்கச் சேலம் மாவட்டத்திலே அரசு தொட்டில் வைக்க நேர்ந்தது. 1994-ல், கருவின் பாலைச் சொல்லுவதைத் தடுக்கச் சட்டமே தேவைப்பட்டது. கருவைக் காட்டும் விஞ்ஞானம் வேண்டுமாம். மருமகள் குற்றமற்றவள் என்று கூறும் விஞ்ஞானம் மட்டும் வேண்டாமாம்!