உங்கள் காருக்கு விலை சொல்வது யார்?

‘கார் டோட்டல் லாஸ்’ என்று காப்புறுதி நிறுவனம் சொன்னதும் பலருக்கு ஒரு சின்ன நிம்மதி வரும். பட்டறைக்கு அலைய வேண்டாம், பணம் வந்துவிடும் என்று. அந்த நிம்மதி, தொகை எழுதிய கடிதம் வரும் வரைக்கும்தான். “இருபத்தாறாயிரத்துக்குக் காப்புறுதி எடுத்தேனே, பத்தொன்பதாயிரத்து ஐந்நூறுதான் தருவார்களாமே?” என்ற கேள்வி அப்போதுதான் எழும்.

கிள்ளானில் இருக்கும் என் பெரியப்பா மகன் கேட்டது இதைத்தான். அவருடைய கார் 2016 மைவி, இரண்டாம் கையாக வாங்கியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் விபத்து. வங்கிக்கு இன்னும் 15,200 வெள்ளி பாக்கி. வங்கிக் கடன் உள்ள காருக்கு இழப்பீடு முதலில் வங்கிக்குத்தான் போகும். மிச்சம் 4,300 வெள்ளி. அண்ணனுக்குத் துறைமுகத்தில் இரவு வேலை. பேருந்து ஓடாத நேரத்தில் வேலைக்குப் போகிறவருக்கு அந்தப் பணத்தில் என்ன கார் கிடைக்கும்?

விஷயம் இதுதான். நம்மில் பெரும்பாலோர் எடுப்பது ‘சந்தை மதிப்பு’ காப்புறுதி. அட்டையில் இருக்கும் தொகை உச்சவரம்பு மட்டுமே, வாக்குறுதி அல்ல. விபத்து நடந்த நேரத்தில் அதே ரகம், அதே வயது, அதே நிலையில் உள்ள கார் சந்தையில் என்ன விலையோ, அதைத்தான் தருவார்கள். கூடுதல் தொகைக்குப் பிரிமியம் கட்டினால் கூடுதலாகக் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். ‘ஒப்புக்கொண்ட மதிப்பு’ என்று இன்னொரு வகை உண்டு. அதில் கார் முழுதாகப் போனால், முன்பே பேசி எழுதிய தொகை கிடைக்கும்.

சந்தை மதிப்பு என்பதால் அவர்கள் சொல்வதே வேதவாக்கு என்று ஆகிவிடாது. அது ஒரு கணக்கு. கணக்கு என்றால் சரிபார்க்கலாம்.

அண்ணன் முதலில் செய்தது, எந்த அடிப்படையில் இந்த விலை என்று எழுத்து மூலம் கேட்டது. பதில் வந்தது. 1.5 எஸ்இ ரகம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இவருடையது 1.5 அட்வான்ஸ். அடுத்து, அதே ஆண்டு, அதே ரகம், ஏறக்குறைய அதே கிலோமீட்டர் ஓடிய கார்களின் விற்பனை விளம்பரங்கள் ஆறு, தேதியோடு சேர்த்தார். விளம்பரத்தில் கேட்கும் விலை வேறு, கைமாறும் விலை வேறு. அதனால் அதிகமாக இருந்த இரண்டை அவரே எடுத்துவிட்டார். நம்பகமான நான்கு விளம்பரம், நம்ப முடியாத பத்தைவிட வலுவானது. சர்வீஸ் ரசீதுகள், புது டயர் வாங்கிய பில் எல்லாம் இணைத்து, எவ்வளவு வேண்டும் என்று ஒரே ஒரு தொகையைக் குறிப்பிட்டுக் கடிதம் அனுப்பினார். கோபம் ஒரு வரிகூட இல்லை. முழுத் தீர்வு என்று எழுதிய படிவத்தில் கையெழுத்தும் போடவில்லை. வங்கித் தவணையை மட்டும் நிறுத்தாமல் கட்டினார். தகராறு நடக்கிறது என்பதற்காக வங்கி காத்திருக்காது.

கடைசியில் 22,000 வெள்ளிக்கு ஒப்புக்கொண்டார்கள். கேட்டது முழுதும் கிடைக்கவில்லை. ஆனால் கைக்கு வந்தது 4,300 அல்ல, 6,800.

நிறுவனம் இறங்கி வராவிட்டால்? முதலில் அவர்களுடைய புகார் பிரிவுக்கு எழுதி, இறுதி முடிவைக் கடிதமாக வாங்குங்கள். அதன் பிறகு ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் எனப்படும் நிதிச் சந்தை குறைதீர்ப்பு அமைப்புக்குப் போகலாம். முன்பு ஓஎஃப்எஸ் என்று இருந்தது, 2025 ஜனவரி முதல் இந்தப் பெயரில் இயங்குகிறது. 250,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளைப் பார்க்கிறார்கள். நமக்குக் கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. அவர்கள் தரும் தீர்ப்பை நாம் ஏற்றுக்கொண்டால் நிறுவனம் அதற்குக் கட்டுப்பட வேண்டும். நாம் ஏற்காவிட்டால் நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை நமக்கு இருக்கிறது.

இவ்வளவும் காப்புறுதி பொருந்துகிற இடத்தில்தான். 2021 டிசம்பரில் ஷா ஆலாம் தாமான் ஸ்ரீ மூடா தண்ணீரில் மூழ்கியதை நாம் மறக்கவில்லை. அந்த வெள்ளப் பருவத்தில் நாடு முழுவதும் ஏற்பட்ட 610 கோடி வெள்ளி இழப்பில் வாகனங்களுக்கு மட்டும் சுமார் 100 கோடி என்றது புள்ளிவிவரத் துறை. சாதாரண முழுக் காப்புறுதியில் வெள்ளம் சேராது. தனியாகப் பணம் கட்டிச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்காதவர்களுக்கு விலை பற்றிச் சண்டை போடக்கூட வாய்ப்பில்லாமல் போனது.

பிரிக்பீல்ட்ஸில் நின்று, சாலை வரியோடு சேர்த்து ஐந்து நிமிடத்தில் காப்புறுதியைப் புதுப்பித்துவிட்டு தோசை சாப்பிடப் போகிற ஊர் நம்முடையது. அடுத்த முறை இன்னும் ஐந்து நிமிடம் நின்று முகவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். இது சந்தை மதிப்பா, ஒப்புக்கொண்ட மதிப்பா? வெள்ளம் சேர்ந்திருக்கிறதா? என் காரின் ரகம் சரியாக எழுதப்பட்டிருக்கிறதா? காரின் படத்தையும் சர்வீஸ் ரசீதுகளையும் கைப்பேசியில் ஒரே இடத்தில் வையுங்கள். கார் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது சேர்த்த காகிதம்தான், அது ஓடாமல் போன பிறகு நமக்காகப் பேசும்.