மலைவாசமும் மாநகர வாசமும்

கோடை முற்றியதும் மும்பை மக்களில் வசதியுடையோர் நாடிச் செல்லும் சிறு மலையூர்களுள் மாத்தேரான் ஒன்று. நேரல் ரயில் நிலையத்துக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 800 மீட்டர் உயரத்தில் அவ்வூர் அமைந்துள்ளது. 1850ஆம் ஆண்டில் தாணா மாவட்டக் கலெக்டராயிருந்த ஹியூ மாலெட் என்பவர் அதனைக் கோடைவாசத்துக்கு ஏற்ற இடமெனக் கண்டார். ஆதிவாசி மக்கள் அதற்கு நெடுங்காலம் முன்னரே அம்மலைப் பகுதியில் வாழ்ந்து வந்தனர். 1907இல் சிறு ரயில் பாதையும் மலைமீது ஏறிற்று. அங்குச் சென்று திரும்புவோர் அனைவரும் “நல்ல சீதோஷ்ணம்” என்று புகழ்வது வழக்கம். அப்புகழ்ச்சியில் அடங்கியுள்ள நன்மைகளைப் பகுத்து நோக்கினால், மலை மட்டுமே தரக்கூடியது ஒன்றே என்பதும், ஏனையவற்றை மனிதன் தான் வாழும் இடத்திலேயே ஆக்கிக்கொள்ளலாம் என்பதும் புலனாகும்.

உயரம் தருவதும் மரம் தருவதும்

மேலே செல்லச் செல்ல, சராசரியாக ஒவ்வொரு 100 மீட்டருக்கும் 0.65 டிகிரி செல்சியஸ் அளவில் காற்றின் வெப்பம் குறைகின்றது. இக்கணக்கின்படி மாத்தேரான் கடற்கரையைவிடச் சுமார் 5 டிகிரி குளிர்ந்திருக்கும். ஆயினும் அங்கு நடப்போர் உணரும் சுகம் இந்த 5 டிகிரியால் மட்டும் விளைவதன்று. செறிந்த மரங்கள் வெயிலைத் தடுக்கின்றன; இலைகள் வெளியிடும் நீராவி சுற்றுப்புற வெப்பத்தை ஈர்த்துக்கொள்கின்றது. வெளியூர் மோட்டார் வண்டிகள் தஸ்தூரி என்னும் இடத்திலேயே நின்றுவிடுவதால், ஊருக்குள் புகையும் இரைச்சலும் இல்லை. சிறுவர்கள் அச்சமின்றிப் பாதையில் ஓடலாம். முதியோர் தடையின்றி உலவலாம். 2003ஆம் ஆண்டில் மத்திய அரசு இம்மலைப் பகுதியைச் சூழல் கூருணர்வு மண்டலமாக அறிவித்தது. எனவே, உயரம் இயற்கையின் கொடை. நிழலும் அமைதியும் சட்டத்தாலும் மக்களின் கட்டுப்பாட்டாலும் காக்கப்படுபவை.

மலையூர் குறையற்றது எனக் கொள்வதும் தவறு. அங்கு மழைக்காலத்தில் மும்பையைப் போல் ஏறத்தாழ இருமடங்கு மழை பெய்கின்றது. 2005 ஜூலைப் பெருமழையில் சேதமுற்ற ரயில் பாதை 2007ஆம் ஆண்டிலேதான் மீண்டும் இயங்கிற்று. மேலும், மோட்டார் இல்லாத ஊரில் பயணிகளின் சுமை மனிதர் இழுக்கும் ரிக்ஷாக்களின் மீது விழுந்தது. அவ்வழக்கத்தை ஆறு மாதங்களுக்குள் ஒழிக்குமாறு உச்ச நீதிமன்றம் 2025 ஆகஸ்டில் ஆணையிட்டது. ஓர் ஊர் வாழத் தகுந்ததா என்பதை இருநாள் விருந்தினரின் மகிழ்ச்சியைக் கொண்டு அளத்தல் கூடாது. அங்கேயே உழைத்து வாழ்வோரின் நலனே உரிய அளவுகோல்.

ஒரே வானம், வேறு வாழ்வு

இவ்வளவுகோலை மும்பைக்குள்ளேயே வைத்துப் பார்த்தல் தகும். தாராவியும் மாதுங்காவும் அடுத்தடுத்த பகுதிகள். இரண்டுக்கும் ஒரே வானம், ஒரே கடற்காற்று, ஒரே உயரம். 1896இல் பம்பாயில் பரவிய பிளேக் நோயின் படிப்பினையால் 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் நிறுவப்பட்டது. காற்றும் வெளிச்சமும் உட்புக வேண்டுமென்று அது தாதர்–மாதுங்கா பகுதியில் அகன்ற வீதிகளையும் தோட்டங்களையும் வகுத்தது. ஐந்து தோட்டங்கள் எனப்படும் இடத்தில் இன்றும் மாலைதோறும் முதியோர் உலவுகின்றனர், பிள்ளைகள் பந்தாடுகின்றனர்.

தாராவியிலோ ஏறத்தாழ இரண்டரைச் சதுர கிலோமீட்டர் பரப்பில் பல லட்சம் மக்கள் நெருங்கி வாழ்கின்றனர். குறுகிய சந்துகளில் கடற்காற்று நுழைவதில்லை. தகரக் கூரைகள் பகலில் வெப்பத்தைக் கீழே இறக்குகின்றன. சுவர்கள் இரவில் அதனை வெளிவிடுகின்றன. காற்றில் ஈரம் மிகுந்திருப்பதால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. வியர்வை உலராவிடில் உடல் குளிர்ச்சி பெறாது. செம்பூர்ப் பகுதிக்கு மற்றோர் இடரும் உண்டு. 2016 ஜனவரியில் அருகிலுள்ள தேவனார்க் குப்பைமேடு தீப்பற்றியபோது பள்ளிகளையே மூட நேர்ந்தது. மைதானம் இருந்தும் தூய காற்று இல்லையேல் பயனில்லை என்பதற்கு இது சான்று.

நெருக்கடி மிகுந்த நகரில் மரத்துக்கு இடமேது என்று சிலர் வினவலாம். தாராவியின் ஓரத்தில், மித்தி ஆற்றங்கரையில், சுமார் 37 ஏக்கர் பரப்பில் உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இதற்கு விடை கூறும். ஒரு காலத்தில் குப்பை கொட்டப்பட்ட அந்நிலம், மரம் நட்டுப் பேணப்பெற்று, 1994இல் பூங்காவாகத் திறக்கப்பட்டது. ஆயினும் அது கல்விக்குரிய வனம். அன்றாட விளையாட்டுக்குரிய மைதானம் அன்று. 5 முதல் 17 வயதுள்ளோர்க்கு நாள்தோறும் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார ஸ்தாபனம் கூறுகின்றது. அதற்குரிய இடம் வீட்டிலிருந்து நடந்து செல்லும் தொலைவில் இருத்தல் வேண்டும்.

ஆசிரியரும் களப்பணியாளரும் செய்யத்தக்கது

தாராவியை மறுசீரமைக்கும் பணி இப்போது மேற்கொள்ளப்பட்டுள்ளது. உயர்ந்த கட்டடங்களை வகுத்தபின் எஞ்சும் துண்டு நிலத்தைத் தோட்டமென்று காட்டுவது போதாது. பள்ளி மைதானமும், அதன் நிழல் மரங்களும், கடற்காற்றின் வழியும் வரைபடத்தில் முதலிலேயே குறிக்கப்படல் வேண்டும். இக்கோரிக்கைக்கு வலுவூட்டுவது அளவீடு. இரண்டு வெப்பமானிகள் இதற்குப் போதும். ஒன்றன் குமிழை ஈரத்துணியால் சுற்றிவிட வேண்டும். அவ்விரண்டின் அளவுகளுக்கிடையே வேறுபாடு குறையக் குறைய, காற்றில் ஈரப்பதம் மிகுதி என அறியலாம். மர நிழல், தகரக் கூரையின் கீழுள்ள அறை, கட்டடத்தின் நிழல் விழும் முற்றம் ஆகிய மூன்றிடங்களிலும், தரையிலிருந்து ஒரே உயரத்தில், நேர்வெயில் படாதவாறு தொங்கவிட்டு, ஒரே வேளையில் மாணவர்கள் ஓராண்டு குறித்து வரலாம். அக்குறிப்பேடு பாடமாகவும் பயன்படும். திட்டம் வகுப்போர் முன் சான்றாகவும் நிற்கும்.

மாத்தேரான் காட்டில் வளரும் நாவல் மரம் மும்பை மண்ணிலும் செழிக்கும். ஆனால் நட்ட கன்று நிழல் தருதற்குப் பல ஆண்டுகள் செல்லும். ஆதலின் உள்ள மரத்தை வெட்டாதிருத்தல் முதற்கடமை. புதியதை நடுதல் அடுத்த கடமை. மலையைக் கடற்கரைக்குக் கொண்டுவர இயலாது; நிழலுள்ள ஒரு மைதானத்தை ஒவ்வொரு பள்ளிக்கும் அளித்தல் இயலும்.