நஞ்சின் விலை பதினைந்து இலட்சமா?

நொய்யல் ஆற்றின் குறுக்கே, ஒரத்துப்பாளையத்தில் ஓர் அணை இருக்கிறது. 1992-ல் கட்டி முடித்தார்கள். சுமார் 20,000 ஏக்கர் நிலம் பாசனம் பெறும், கரும்பு விளையும், மஞ்சள் விளையும், உழவன் வீட்டில் விளக்கெரியும் என்றெல்லாம் சொல்லித்தான் கட்டினார்கள். நடந்தது என்ன? திருப்பூர்ச் சாயப்பட்டறைகளும் சலவைப்பட்டறைகளும் கழித்துவிட்ட நீர் அந்த அணைக்குள் வந்து தேங்கிற்று. மதகைத் திறந்தால் கீழே இருப்பவன் வயல் உப்பாகிறது. மூடி வைத்தால் கரையில் இருப்பவன் கிணறு கெடுகிறது. அணைக்குத் தண்ணீர் கேட்டுப் போராடிய உழவர்களை நாடு கண்டிருக்கிறது. அணையிலிருந்து தண்ணீர் வேண்டாமென்று வழக்குமன்றம் ஏறிய உழவர்களை நொய்யல் கரை அல்லவா நமக்குக் காட்டிற்று!

இந்தக் கொடுமை நடந்தபோது நாட்டில் சட்டம் இல்லையா? இருந்தது, தோழர்களே! நீர் மாசு தடுப்புச் சட்டம் 1974-லேயே வந்துவிட்டது. டில்லியில் ஒரு வாரியம், மாநிலத்துக்கு மாநிலம் ஒரு வாரியம், அதிகாரி, ஆய்வுக்கூடம், இசைவாணை, சிறைத் தண்டனை — எல்லாம் அதில் இருந்தன. சட்டம் இருந்தது, ஆறு செத்தது. அப்படியானால் சட்டத்துக்குப் பல் முளைக்க வேண்டுமா, இருக்கிற பல்லையும் பிடுங்க வேண்டுமா? பிடுங்குவதே நன்று என்று 2024-ல் டில்லி முடிவு கட்டியிருக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று பேசப் போகிறோம்.

சிறை போனது, சீட்டு வந்தது

2024 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலும் ஒரு திருத்தச் சட்டம் நிறைவேறியது. அதற்கு முன்பு நிலைமை என்ன? வாரியம் வகுத்த அளவுக்கு மேல் நஞ்சை ஆற்றில் விட்டால், குறைந்தது ஒன்றரை ஆண்டு, அதிக அளவாக ஆறு ஆண்டு சிறை, அபராதமும் உண்டு. திருத்தம் வந்த பிறகு? சிறை இல்லை. 10,000 ரூபாயிலிருந்து 15 இலட்ச ரூபாய் வரை தண்டத் தொகை. கட்டிவிட்டு ரசீது வாங்கிக்கொள்ளலாம்.

ஏனப்பா இந்தத் தாராளம் என்று கேட்டால், டில்லியார் விடை வைத்திருக்கிறார்கள். சிறு தவறுக்கெல்லாம் சிறை என்றால் தொழில் செய்பவர் நடுங்குகிறார். குற்றவியல் வழக்கு ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. தண்டத் தொகை என்றால் உடனே வசூலாகும் என்கிறார்கள். இதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது. மறுக்கமாட்டோம். பதிவேட்டை ஒரு வாரம் தாமதமாகக் காட்டியவனையும், ஆற்றில் நஞ்சு கலந்தவனையும் ஒரே தராசில் நிறுக்க வேண்டாம் என்றால் ஒப்புக்கொள்வோம். ஆனால், தாமதக்காரனுக்குத் தரும் சலுகையை நஞ்சு கலந்தவனுக்கும் சேர்த்துத் தருவது எந்த ஊர் நியாயம்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். கழிவு நீரைச் சுத்தம் செய்ய ஓர் ஆலைக்கு நாளொன்றுக்கு 20,000 ரூபாய் செலவு என்று வைத்துக்கொள்வோம். மின்சாரம், மருந்து, ஆள் கூலி எல்லாம் அதில் அடக்கம். மழை கொட்டும் இரவாகப் பார்த்து, ஆண்டில் 100 இரவு, சுத்திகரிப்பு எந்திரத்தை நிறுத்திவிட்டுக் குழாயை ஆற்றுக்குத் திருப்பிவிடுகிறான். மிச்சம் 20 இலட்சம். ஒருநாள் அகப்படுகிறான். அதிகபட்சத் தண்டமே விதித்தாலும் 15 இலட்சம். கட்டிய பிறகும் ஐந்து இலட்சம் மடியில் மிஞ்சுகிறது! குறைந்த தண்டமான பத்தாயிரத்தோடு விட்டால்? பிள்ளையின் பிறந்தநாள் விருந்துச் செலவுகூட ஆகாது. தண்டனை என்பது தடுக்க வேண்டும். தடுக்காத தண்டனைக்குப் பெயர் தண்டனையல்ல, விலை. நஞ்சுக்கு விலைப்பட்டியல் எழுதி அரசிதழில் ஒட்டியிருக்கிறார்கள்.

நல்லவேளை, நீதிமன்றக் கதவு முழுக்க மூடிவிடவில்லை. கெடுத்தவனிடமிருந்து கெடுத்ததைச் சரிசெய்வதற்கான இழப்பீட்டை மாசுக் கட்டுப்பாட்டு வாரியங்களே கேட்கலாம் என்று 2025 ஆகஸ்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த அதிகாரத்தை வாரியங்கள் கையில் எடுக்குமா, கோப்பில் கட்டி வைக்குமா என்பதைத்தான் நாம் விழித்திருந்து பார்க்க வேண்டும்.

யாருடைய தண்ணீர்? யாருடைய நாற்காலி?

இனி உள்ளே புதைந்திருக்கும் இன்னொரு செய்திக்கு வருவோம். தண்ணீர் யாருடைய பொருள்? அரசியல் சட்டத்தின் மாநிலப் பட்டியலில், பதினேழாவது இனமாக இருக்கிறது. அதனால்தான் 1974-ல்கூட டில்லி தன்னிச்சையாகச் சட்டம் போட முடியவில்லை. மாநிலச் சட்டமன்றங்கள் தீர்மானம் போட்டுக் கேட்டுக்கொண்டால் நாடாளுமன்றம் சட்டம் இயற்றலாம் என்ற 252-வது பிரிவின் வழியாகவே அது வந்தது. தமிழ்நாடு அந்தச் சட்டத்தை ஏற்றது 1981-ல். நமது வாரியம் அமைந்தது 1982 பிப்ரவரியில்.

இந்தத் திருத்தமும் அதே வழியில்தான் வந்திருக்கிறது. முதலில் இமாசலப் பிரதேசம், ராஜஸ்தான், மற்றும் ஒன்றியப் பகுதிகளுக்கு. மற்ற மாநிலங்களில் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றினால்தான் செல்லும். தீர்மானம் போடுமுன் அதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டாமா?

மாநில வாரியத்தின் தலைவரை நியமிப்பது மாநில அரசு. ஆனால் எந்த முறையில் நியமிக்க வேண்டும், பணி நிபந்தனை என்ன என்பதை வகுப்பது டில்லி! தண்டம் விதிக்கும் அதிகாரியை அமர்த்துவது டில்லி! எந்தெந்த வகைத் தொழிற்சாலை மாநில வாரியத்தின் இசைவு கேட்காமலே தொடங்கலாம் என்று விலக்குத் தருவதும் டில்லி! ஆறு நம்முடையது, நஞ்சு நம் வயலில் பாயும், நோய் நம் குழந்தைக்கு வரும். ஆனால் எந்த ஆலை கேள்வியின்றி வரலாம் என்ற முடிவு மட்டும் ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால்!

பணக் கதை இன்னும் வேடிக்கை. 1977-ல் தண்ணீர் தீர்வை என்று ஒரு சட்டம் வந்தது. ஆலைகளும் நகராட்சிகளும் பயன்படுத்தும் தண்ணீருக்குத் தீர்வை கட்ட வேண்டும். அதில் ஒரு பங்கு மாநில வாரியங்களுக்கு வந்துகொண்டிருந்தது. 2017-ல், சரக்கு சேவை வரி வந்தபோது, அந்தத் தீர்வையை ஒழித்தார்கள். ஒரு கையால் வருவாயை எடுத்தாயிற்று. மறு கையால் அதிகாரத்தை எடுக்கிறார்கள். பிறகு, வாரியம் வேலை செய்யவில்லையே என்று குற்றப் பத்திரிகையும் படிக்கிறார்கள்! மாட்டின் வாயைக் கட்டிவிட்டுப் பால் கறக்கவில்லையே என்று அடிப்பவனை நாம் கண்டதுண்டு.

கங்கையைப் பாருங்கள். 1986-ல் கங்கைச் செயல் திட்டம். 2014-ல் அறிவித்த புதிய திட்டத்துக்கு 20,000 கோடி ரூபாய். கங்கை தூய்மையாகட்டும், மகிழ்வோம். அந்தக் கரையில் வாழ்பவனும் நம்மைப்போல் உழைப்பவன்தான். ஆனால் நொய்யலும் பாலாறும் ஆறு இல்லையா என்று கேட்க நமக்கு உரிமை உண்டா, இல்லையா?

நம் வீட்டுக் குப்பை

டில்லியைக் குறைகூறிவிட்டு நம் வீட்டுக் குப்பையை மூடி மறைப்பது நேர்மையாகாது. ஒரத்துப்பாளையம் கெட்டது யாருடைய கண்முன்னே? நம் மாநில வாரியத்தின் கண்முன்னே. பாலாற்றங்கரையில் தோல் தொழிற்சாலைகள் வேலூர் மாவட்டத்துக் கிணறுகளைக் கெடுத்ததை யார் தட்டிக்கேட்டார்கள்? ஊர் மக்கள் உச்சநீதிமன்றம் போனார்கள். 1996-ல் தீர்ப்பு வந்தது. கெடுத்தவனே செலவைத் தாங்க வேண்டும் என்ற நெறி நம் நாட்டுச் சட்டத்தில் உறுதியாக வேரூன்றியது அந்தத் தீர்ப்பால்தான். ஆனால் 2025 ஜனவரியில், அதே பாலாற்றுக்காக உச்சநீதிமன்றம் மீண்டும் ஆணையிட வேண்டியிருந்தது. இருபத்தொன்பது ஆண்டு! அன்று பிறந்த குழந்தை இன்று குழந்தை பெற்றிருக்கும். இழப்பீட்டுக் கதை முடியவில்லை.

சென்னைக் கூவத்தை யார் கெடுத்தார்கள்? மத்திய வாரியம் 2022-ல் வெளியிட்ட அறிக்கையில், நாட்டில் 279 ஆறுகளில் 311 பகுதிகள் கெட்டுப்போயின என்று கணக்கிட்டது. அவற்றில் மிக மோசமான இடத்தில் நம் கூவம் இருந்தது. வெட்கத்தோடு சொல்கிறோம். உரிமை கேட்கும் வாய்க்குப் பொறுப்பு ஏற்கும் தோளும் வேண்டும்.

இன்னொன்றும் உண்டு. ஆலை மட்டுமே ஆற்றைக் கெடுப்பதில்லை. நாட்டின் நகரங்களில் நாளொன்றுக்கு உண்டாகும் சாக்கடை நீர் 72,368 மில்லியன் லிட்டர். அதில் சுத்தம் செய்யப்படுவது 20,236 மில்லியன் லிட்டர் என்பது மத்திய வாரியத்தின் 2020-21 கணக்கு. மூன்றில் ஒரு பங்குகூட இல்லை! மீதி எங்கே போகிறது? ஆற்றுக்கும் ஏரிக்கும்தான். இதற்கு அரசுத் துறை பொறுப்பானால் 2024 திருத்தம் சொல்லும் தண்டம் என்ன தெரியுமா? துறைத் தலைவரின் ஒரு மாத அடிப்படைச் சம்பளம்!

வேலையா, தண்ணீரா?

ஆலைக்கு நெருக்கடி வரும்போதெல்லாம் முதலாளிமார் ஒரு கேள்வியைத் தொழிலாளியின் கையில் கொடுத்து முன்னே தள்ளிவிடுவார்கள். "தண்ணீர் வேண்டுமா, வேலை வேண்டுமா?" என்பது அந்தக் கேள்வி. 2011 ஜனவரி 28-ல் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் திருப்பூரில் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. அன்று அடுப்பு அணைந்தது யார் வீட்டில்? சாயம் முக்கியவன் வீட்டில், துணி அலசியவள் வீட்டில். கழிவைத் திறந்துவிடச் சொல்லி ஆணையிட்டவன் வீட்டில் அல்ல! ஆண்டுக்கணக்கில் சட்டத்தை ஏய்த்தவனுக்கு இலாபம். ஏய்ப்பு வெளிப்பட்ட நாளில் தொழிலாளிக்குப் பட்டினி.

2015 ஜனவரி 31-ஐ மறந்துவிடாதீர்கள். இராணிப்பேட்டையில் தோல் கழிவைத் தேக்கி வைத்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தொழிற்சாலையில் உறங்கிக்கொண்டிருந்த பத்துத் தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். கங்கைக் கரையின் பிள்ளைகள் பாலாற்றங்கரையில் நஞ்சுச் சேற்றில் மடிந்தார்கள். நஞ்சுக்கு மொழி தெரியாது. தொழிலாளியின் மூச்சு மட்டும்தான் தெரியும். ஆலைக் கழிவு முதலில் தொடுவது ஆற்றை அல்ல, அதைக் கையாளும் தொழிலாளியின் உடலை.

வேலையா தண்ணீரா என்ற கேள்வியே பொய்க் கேள்வி. 1987-லேயே கான்பூர்த் தோல் ஆலைகள் வழக்கில் உச்சநீதிமன்றம் விடை சொல்லிவிட்டது: தொழிலாளிக்குக் குறைந்தபட்சக் கூலி தர முடியாத ஆலைக்கு எப்படி இருக்க உரிமை இல்லையோ, அப்படியே கழிவைச் சுத்தம் செய்ய முடியாத ஆலைக்கும் உரிமை இல்லை என்பது அதன் கருத்து. கூலியும் சுத்தமும் ஒரே தட்டில் வைக்கப்பட்டன! சுத்திகரிப்பு என்பது முதலாளி செய்யும் தருமம் அல்ல; கூலியைப்போல் அவன் கட்ட வேண்டிய கடன்.

முடியாது என்றுதான் திருப்பூரிலும் சொன்னார்கள். பிறகு என்ன நடந்தது? ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத முறை அங்கே வந்தது. சாயக்கழிவைச் சவ்வுகளில் வடிகட்டி, எஞ்சியதைக் கொதிக்கவைத்து, தண்ணீரையும் உப்பையும் திரும்ப எடுத்துப் பயன்படுத்துகிறார்கள். பனியன் தொழில் செத்துவிடவில்லை. திருப்பூர் இன்றும் உலகுக்கு உடுத்துகிறது. திருட்டுத்தனமாகத் திறந்துவிடுபவர்கள் இன்னும் உண்டு. ஆனால் முடியாது என்ற சாக்கு முறிந்துபோயிற்று.

என்ன செய்ய வேண்டும்?

தமிழ்நாட்டுச் சட்டமன்றம் இந்தத் திருத்தத்துக்குத் தலையாட்டக் கூடாது. ஆற்றில் நஞ்சு கலப்பவனுக்குச் சிறை நீடிக்க வேண்டும். வாரியத் தலைவரை அமர்த்தும் முறை மாநிலத்திடமே இருக்க வேண்டும். இருக்கும் அந்த உரிமையைக் கொண்டு துறை அறிந்தவரை, அஞ்சாதவரை அமர்த்த வேண்டும். கழிவுக் குற்றத்துக்காக ஆலை மூடப்பட்டால், மூடிய நாளுக்கும் தொழிலாளிக்குக் கூலி என்று விதி வேண்டும். அப்போதுதான் தொழிலாளி கேடயமாக முன்னே தள்ளப்படமாட்டான். சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை செய்பவனுக்குக் காப்புக் கருவியும் காப்பீடும் வேண்டும்.

அரசு செய்யட்டும் என்று நாம் கைகட்டி நிற்கலாமா? கூடாது. ஆலைகளுக்கு விதித்த நிபந்தனைகளை வாரியம் பதிவேட்டில் வைக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் எவரும் அதைப் பார்க்கலாம் என்று சட்டத்தில் இருக்கிறது. எத்தனை பேர் போய்ப் பார்த்திருக்கிறோம்? வாரியத்துக்கு 60 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு, எந்தக் குடிமகனும் நீதிமன்றத்தில் முறையிடலாம் என்று 1988-ல் திருத்தம் வந்தது. எத்தனை பேருக்குத் தெரியும்? மன்றந்தோறும், படிப்பகந்தோறும் இதை உரக்கப் படியுங்கள். ஆற்றோரத் தோழர்கள் தண்ணீரின் நிறம் மாறிய நாளைக் குறித்து வையுங்கள். ஆலைக்குள் இருக்கும் தோழர்களே, எந்த இரவில் எந்தக் குழாய் திறக்கிறது என்று உங்களைவிட அறிந்த ஆய்வாளர் எவருமில்லை!

ஒரத்துப்பாளையத்து மதகடியில் நின்று ஓர் உழவன் கேட்கிறான்: "என் கிணற்றை எனக்குத் திருப்பித் தர பதினைந்து இலட்சம் போதுமா?" டில்லி விடை சொல்லட்டும். சொல்லும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்!