துத்தநாகம் தின்ற எஞ்சின்

எலெக்ட்ரிக் ட்ரெய்ன் என்றதும் தலைக்கு மேலே ஓடும் கம்பிதான் ஞாபகம் வரும். ஆனால் முதன்முதலில் ஓடிப் பார்த்த எலெக்ட்ரிக் எஞ்சின்களுக்குக் கம்பியே கிடையாது. கட்டுச்சோறு மாதிரி கரண்டைக் கையோடு எடுத்துக்கொண்டு கிளம்பின. வில்லங்கமே அந்தக் கட்டுச்சோற்றில்தான்.

ஸ்காட்லாந்தில் ராபர்ட் டேவிட்சன் என்று ஓர் ஆசாமி. 'கால்வனி' என்ற எஞ்சினைச் செய்து, 1842-ல் எடின்பரோ - கிளாஸ்கோ பாதையில் ஓட்டிப் பார்த்தார். அச்சில் ஒரு மர உருளை, அதன்மேல் இரும்புப் பட்டைகள், பக்கத்தில் மின்காந்தங்கள். காந்தம் பட்டையை இழுக்கும். கிட்டே வந்ததும் கரண்ட் கட்! அடுத்த பட்டைக்கு அழைப்பு. சக்கரம் சுற்றித்தானே ஆகவேண்டும்? சுற்றியது. வேகம் மணிக்கு 4 மைல். கொஞ்சம் எட்டி நடந்தால் நீங்களும் நானும் ஓவர்டேக் பண்ணிவிடலாம்.

வேகத்தைக்கூட மன்னிக்கலாம், செலவை மன்னிக்க முடியாது. ரீசார்ஜ் செய்யக்கூடிய பாட்டரி 1859-ல்தான் வந்தது. அதுவரை பாட்டரி என்றால், துத்தநாகத் தகடு அமிலத்தில் கரையக் கரையத்தான் கரண்ட். நீராவி எஞ்சின் கரியைத் தின்றது. இது உலோகத்தைத் தின்றது. அதே வேலைக்கு நிலக்கரியைப்போல் சுமார் 40 மடங்கு செலவு என்று கணக்கு.

இதற்குள் நீராவி எஞ்சின் தொழிலாளிகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். வேலைக்கே உலை என்று கால்வனியை அடித்து நொறுக்கிவிட்டதாக ரயில் சரித்திரங்கள் சொல்கின்றன. எனக்கு அவர்கள்மேல் கோபமில்லை. கம்ப்யூட்டர் வந்து இறங்கிய நாளில் ஆபீஸ் டைப்பிஸ்ட்டுகளின் முகத்தைப் பார்த்திருக்கிறேன். ஆனால், யாராவது அவர்களிடம் அந்த 40 மடங்கைச் சொல்லியிருந்தால் சுத்தியலைக் கீழே போட்டிருப்பார்கள்.

அடுத்து, அமெரிக்காவில் சார்லஸ் பேஜ். டாக்டருக்குப் படித்துவிட்டு பேடன்ட் ஆபீஸில் உத்தியோகம் பார்த்தவர். அரசாங்கத்திடம் 20,000 டாலர் வாங்கி எஞ்சின் கட்டினார். அதில் ஒரு வேடிக்கை. நீராவி எஞ்சினில் பிஸ்டன் முன்னும் பின்னும் போகும் இல்லையா? அதே மாதிரி, கம்பிச் சுருளுக்குள் இரும்புத் தண்டை முன்னும் பின்னும் இழுத்துச் சக்கரத்தைச் சுற்றவைத்தார். மாப்பிள்ளை புதுசு, சட்டை மட்டும் அப்பாவுடையது.

1851 ஏப்ரல் 29. வாஷிங்டனிலிருந்து பிளாடன்ஸ்பர்க் சுமார் 5 மைல். நன்றாக ஓடிய நேரத்தில் 19 மைல் வேகத்தைத் தொட்டது. நன்றாக ஓடிய நேரம் கொஞ்சம்தான். பாட்டரிக்குள் இரண்டு அமிலங்களைப் பிரித்து வைத்திருந்தது மண்பாண்டம். குலுக்கலில் அது விரிசல் விட்டது. சுருளில் இன்சுலேஷன் போனது. நின்று நின்று ரிப்பேர் பார்த்து வீடு திரும்பினார்கள். அரசாங்கப் பணம் தீர்ந்து, பேஜின் சொந்தப் பணமும் தீர்ந்தது.

மோட்டார் பாஸ், பாட்டரி ஃபெயில். இதைச் சரியாகப் பிடித்தவர் ஜெர்மனியின் வெர்னர் சீமென்ஸ். சமையலறையை எதற்கு ரயிலில் ஏற்ற வேண்டும்? 1879-ல் பெர்லின் கண்காட்சியில் டைனமோவை ஓரமாக நிறுத்தி, கரண்டை மட்டும் தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மூன்றாவது தண்டவாளம் வழியாக அனுப்பினார். குட்டி எஞ்சின், பின்னால் மூன்று பெஞ்சு வண்டிகள், 300 மீட்டர் வட்டம். வேகம் 7 கிலோமீட்டர்தான். நாலு மாதத்தில் ஏறி இறங்கியவர்கள் 86,000 பேர்! அந்த டைனமோவைச் சுற்றியது என்ன தெரியுமா? நீராவி எஞ்சின். வேலை போகவில்லை ஸார், ட்ரான்ஸ்ஃபர்தான்.

1881-ல் பெர்லின் அருகே லிஷ்டர்ஃபெல்டவில் டிராம் விட்டபோது, சிக்கனமாக, ஓடுகிற தண்டவாளங்களிலேயே கரண்டை விட்டார். குறுக்கே வந்த குதிரைகளுக்கு ஷாக் அடித்தது. கம்பி தலைக்கு மேலே போனதற்கு அவற்றின் ஆட்சேபணையும் ஒரு காரணம்.

டேவிட்சன் 90 வயதுவரை இருந்தார். 1890-ல் லண்டனில் பூமிக்கடியில் எலெக்ட்ரிக் எஞ்சின்கள் ஜனங்களை இழுத்துக்கொண்டு ஓட ஆரம்பித்தபோது அவருக்கு 86. அவற்றிலும் பாட்டரி இல்லை.