குளிசை தருபவர் ஒரு வார்த்தை பேசட்டும்

நீரிழிவுக்கோ பிரஷருக்கோ மருந்து வாங்கச் செல்பவர்கள் மருந்தகத்தில் சத்தமாகவே கேட்பார்கள்: "இதைச் சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா போடுவது?" உளநோய்க்கு மருந்து வாங்குபவரோ துண்டை மடித்து நீட்டுவார். உறையைப் பைக்குள் வைத்துக்கொண்டு விரைவாக வெளியேறிவிடுவார். தெரிந்தவர் யாரும் கண்டுவிடக் கூடாதே என்ற அச்சம். இதற்காகவே அடுத்த ஊர் மருந்தகத்தைத் தேடிச் செல்வோரும் நம்மிடையே உண்டு. இந்த அவசரத்தில் கேட்கப்படாமல் போகும் கேள்விகள் சிறியவை அல்ல.

மனச்சோர்வுக்கான மருந்து தலைவலிக் குளிசை போல் அன்றே சுகம் தருவதில்லை. பலன் தெரிய 2 முதல் 4 வாரங்கள், சிலருக்கு அதைவிடவும் செல்லும். ஆனால் குமட்டல், வாய் உலர்தல், தூக்கக் கலக்கம் போன்ற பக்கவிளைவுகள் முதல் நாட்களிலேயே வரலாம். இதை யாரும் சொல்லாவிட்டால், "இந்த மருந்து எனக்கு ஒத்துவரவில்லை" என்று நோயாளர் நிறுத்திவிடுவார். இன்னொருவர் சுகமாகிவிட்டது என எண்ணி நிறுத்துவார். திடீரென நிறுத்தினால் தலைச்சுற்று, பதற்றம், தூக்கமின்மை வரலாம், நோயும் திரும்பலாம். கிளினிக்கில் ஒரே காலையில் பலரைப் பார்க்கும் வைத்தியருக்கு அனைத்தையும் விளக்க நேரம் போதாது. நோயாளர் வீடு செல்லுமுன் கடைசியாகச் சந்திப்பவர் மருந்தாளரே. மாதந்தோறும் வருபவர் இம்மாதம் வரவில்லை என்பதைக் கவனிக்கக்கூடியவரும் அவரே.

நமது சமூகத்துக்கு இது ரமழானில் இன்னும் முக்கியமாகிறது. உறையில் "காலை, பகல், இரவு" என்றிருக்கும். நோன்பாளி பகல் குளிசையை என்ன செய்வார்? சிலர் விட்டுவிடுகிறார்கள். சிலர் நோன்பு திறந்ததும் இரண்டு வேளைக்குரியதையும் சேர்த்துப் போடுகிறார்கள். இரண்டுமே ஆபத்தாகலாம். மிதமிஞ்சிய உற்சாகமும் மனச்சோர்வும் மாறி மாறி வரும் நோய்க்கு லித்தியம் கொடுக்கப்படுகிறது. உடலில் நீர் குறைந்தால் இரத்தத்தில் அதன் அளவு கூடி நஞ்சாகக்கூடும். கைநடுக்கம், வாந்தி, தள்ளாட்டம் அதன் அறிகுறிகள். லித்தியம் எடுப்பவர் உடல்நோவுக்கு இபுப்ரோபன் வாங்கிப் போட்டாலும் இதே ஆபத்து உண்டு. "வேறு என்ன மருந்து எடுக்கிறீர்கள்?" என்று மருந்தாளர் கேட்கும் ஒரு கேள்வி இதைத் தடுத்துவிடும். ரமழானுக்கு முன்பே நாம் கேட்டால், வைத்தியரோடு பேசி நேரத்தை ஒழுங்குபடுத்தவும் அவர் வழிகாட்டுவார். நோயாளிக்கு நோன்பில் சலுகையை அல்குர்ஆனே வழங்கியிருக்கிறது. உள்ளத்தில் வரும் நோயும் நோய்தான்.

"ஈமான் பலமாக இருந்தால் குளிசை எதற்கு?" என்று கேட்போர் உண்டு. நோய்க்கு மருந்து செய்யுமாறு நபி (ஸல்) அவர்கள் நமக்குக் கற்பித்திருக்கிறார்கள். துஆவும் குளிசையும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

மருந்தகங்களிடமும் கேட்க வேண்டியது உண்டு. சுற்றி நிற்பவர்களுக்குக் கேட்கும்படி "இது மனநோய்க்குள்ள மருந்தல்லவா?" என்று சொன்னால், அந்தப் பெண் மறுபடி வரமாட்டாள். தனியாகப் பேச ஒரு மூலை, தாழ்ந்த குரல், தமிழில் எழுதிய உறை ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. குளிசை எடுத்துத் தருபவர் எல்லோரும் பதிவு பெற்ற மருந்தாளர் அல்லர். "மருந்தாளர் இருக்கிறாரா?" என்று கேட்க நாமும் பழக வேண்டும்.

உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் எங்களிடம் பெற்றோர் "டொக்டர்" கனவைப் பற்றியே பேசுகிறார்கள். கொழும்பு, பேராதனை, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகங்களில் மருந்தாளருக்கான பட்டப்படிப்பும் இருக்கிறது. நமது மொழியில், நமது நோன்பையும் விளங்கிப் பேசும் பெண் மருந்தாளர்கள் நமது ஊர்களுக்குத் தேவை. எங்களில் சிலர் அவ்வாறு வருவோம், இன்ஷா அல்லாஹ்.

அதுவரை பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். வீட்டில் ஒருவர் இத்தகைய மருந்து எடுக்கிறார் என்றால் உறையை ஒளிக்காதீர்கள். அடுத்த முறை நீங்களும் கூடச் செல்லுங்கள். அவருக்குக் கேட்கக் கூச்சமாக இருந்தால், அவருடைய சம்மதத்தோடு நீங்கள் கேளுங்கள்.