ஓடுகிறவர் ஒருவர், கவனிக்கிறவர் நால்வர்

அக்னி நட்சத்திர வெயிலில் மாடிக்குப் போய் வடாமைத் திருப்பிப் போட்டுவிட்டு வருவதற்குள் நமக்குத் தலை கிறுகிறுத்துப் போகிறது, இல்லையா சகோதரிகளே? அமெரிக்காவில், கலிபோர்னியா மாநிலத்தில், 'மரணப் பள்ளத்தாக்கு' என்று ஓர் இடம். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரி சென்டிகிரேட்தான் உலகிலேயே அதிக வெப்பம் என்று இன்றும் கணக்கில் இருக்கிறது. அந்த இடத்தில், அதே ஜூலை மாதத்தில், தார் ரோட்டில் ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள் என்றால் நம்புவீங்களா?

'பேட்வாட்டர் 135' என்று பெயர். 135 மைல், அதாவது 217 கிலோமீட்டர். சென்னையில் கிளம்பினால் விழுப்புரத்தையும் தாண்டி ஓடிக்கொண்டே இருக்கணும்! கடல் மட்டத்துக்கு 85 மீட்டர் கீழே ஆரம்பித்து, விட்னி மலையில் சுமார் 2,530 மீட்டர் உயரத்தில் முடிகிறது. 48 மணி நேரத்துக்குள் முடித்தால் ஒரு பெல்ட் பக்கிள் தருவார்கள். பரிசுப் பணம் காலணா கிடையாது. (என் வீட்டுக்காரர், "பைத்தியங்கள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.)

2002-ஆம் ஆண்டு இந்தப் பந்தயத்தில் ஆண், பெண் எல்லோரையும் முந்தி முதலாவதாக வந்தவர் பாம் ரீட் என்கிற பெண்மணி. பிள்ளைகளுக்குத் தாய், வயது 41. எடுத்துக்கொண்ட நேரம் 27 மணி 56 நிமிடம். அடுத்த வருஷமும் அவரே முதல்!

ஆனால் என் மனசில் நின்றது ஓடுகிறவர்கள் அல்ல, கூடப் போகிறவர்கள். வழியில் தண்ணீர்ப் பந்தல் எதுவும் கிடையாது. ஓடுகிற ஒவ்வொருவரும் தம் உதவிக் குழுவைத் தாமே கூட்டிக்கொண்டு வரணும். நாலு பேர் வரை இருக்கலாம். கார் கொஞ்ச தூரம் முன்னால் போய் நிற்கும். ஆள் வந்ததும் கழுத்துத் துணியிலும் தொப்பியிலும் ஐஸ் கட்டியைத் திணித்து, உடம்பில் தண்ணீர் தெளித்து, குடிக்கக் கொடுத்து அனுப்புவார்கள். எவ்வளவு குடித்தார், எவ்வளவு உப்பு போனது, சிறுநீர் கழித்தாரா, என்ன நிறம் என்று நோட்டில் எழுதுவார்கள். கைக்குழந்தைக்கு நாம் பார்க்கிற மாதிரியேதான்!

என் அண்ணன் மகன் ஒரு தடவை நண்பருக்காக அப்படிப் போயிருந்தான். "அத்தை, அவரைக் கேட்டா 'நல்லாத்தான் இருக்கேன்'னுதான் சொல்வார். அதை மட்டும் நம்பவே கூடாது" என்றான். சூடு தலைக்கேறினால் தனக்கு என்ன ஆகிறது என்று தனக்கே தெரியாதாம். பேச்சு குழறுகிறதா, காரணமில்லாமல் எரிந்து விழுகிறாரா, கால் தடுமாறுகிறதா என்று மற்றவர்தான் பார்க்கணும். 'வியர்க்கிறதே, பயமில்லை' என்றும் இருந்துவிடக் கூடாது. ஓடியாடி உழைக்கும்போது வருகிற வெப்பத் தாக்கில் வியர்வை கொட்டிக்கொண்டும் இருக்கும். உடனே நிழலில் கிடத்தி, ஈரத்துணி, ஐஸ், விசிறி என்று உடம்பைக் குளிர வைத்து, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகணும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றாதீங்க.

இன்னொரு விஷயம். வெறும் தண்ணீரையே குடம் குடமாகக் குடித்தாலும் ஆபத்துதான். ரத்தத்தில் உப்பு குறைந்து தலைவலி, வாந்தி, குழப்பம், முற்றினால் வலிப்பு வரை போகும். விரல் வீங்கி மோதிரம் இறுகுகிறதா என்றுகூட உதவிக்கு வந்தவர்கள் பார்ப்பார்களாம்.

அதைக் கேட்டதிலிருந்து நான் கண்ணைத் திறந்து வைத்திருக்கிறேன். மத்தியானம் இரண்டு அடுப்புக்கு முன்னால் நிற்கும் நமக்கு யார் நோட்டு எழுதுகிறார்கள், சொல்லுங்கள்? நீர்மோரில் உப்பு போட்டு ஒரு சொம்பு அடுக்களையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். பேதியோ வாந்தியோ ஆனவர்களுக்கு ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, தலை தட்டி அளந்து போடணும். ரத்தக் கொதிப்பு உள்ளவர்கள் உப்பு விஷயத்தில் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

போன வாரம் எங்கள் தெருவில் இஸ்திரி போடும் அம்மா கரிப்பெட்டி அருகில் முகம் சிவந்து நின்றார். "என்னம்மா, முடியலையா?" என்றேன். "ஒண்ணுமில்லேக்கா, நல்லாத்தான் இருக்கேன்" என்றார். கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்து மின்விசிறிக்குக் கீழே உட்கார வைத்தேன். இரண்டாவது டம்ளர் மோரை அவரே கேட்டு வாங்கிக் குடித்தார்.